பொடி வைத்து ஊதிய பன்னீர்ச் செம்பு

கழுத்து தனியாகக் கையோடு வந்துவிட்டது. போன ஆவணியில் சித்தப்பா மகள் கல்யாணம். பள்ளத்தூர் வீட்டு முகப்பில் நின்று, வருகிறவர்கள் மேல் ஆச்சி பன்னீர் தெளித்துக்கொண்டிருந்தாள். ஆச்சி என்றால் என் அக்கா. எங்கள் பக்கம் அப்படித்தான் கூப்பிடுவோம். யாரோ ஒரு பெரியவருக்குக் கொஞ்சம் வேகமாக உதறினாள். பூவும் கழுத்தும் அவள் கையில் நிற்க, செம்பு மட்டும் கீழே போய் ஆத்தங்குடிக் கல்லில் உருண்டது. அந்தப் பெரியவர் முழுக்க நனைந்தார்.

நல்லவேளை, செம்பின் வயிற்றில் ஒரே ஒரு சொட்டைதான். ஆனால் கழுத்து அடியோடு பெயர்ந்திருந்தது. அப்பத்தா அதை வாங்கிப் பார்த்துவிட்டு, "உங்க பாட்டையா ரங்கூன்ல இருந்து கொண்டாந்தது. கடையில குடுத்தா எடைக்கு எடை மாத்திக்கச் சொல்லுவான். நீதான் எதையாவது கழட்டி மாட்டிக்கிட்டே இருப்பியே, பாரு" என்று என்னிடம் நீட்டினாள். மிக்சி, மோட்டார், பழைய சுவர்க் கடிகாரம் என்று கழற்றி மாட்டின தைரியத்தில் வாங்கிக்கொண்டேன். வெள்ளி வேலை வேறு சாதி வேலை என்பது அப்புறம்தான் தெரிந்தது.

முதலில் பொருளைச் சொல்லிவிடுகிறேன். மூன்று பாகம். கீழே குடம் போன்ற வயிறு. அதன் மேல் ஒரு சாண் நீளத்துக்குக் கூம்பிப் போகும் கழுத்து; தகட்டைச் சுருட்டி, விளிம்போடு விளிம்பு சேர்த்துப் பற்றவைத்த குழாய் அது. உச்சியில் மரை போட்டுத் திருகும் பூ, அதில்தான் பன்னீர் வரும் துளைகள். கழுத்தின் நடுவில் எலுமிச்சங்காயை விடச் சின்னதாக ஓர் உருண்டை, அதைச் சுற்றி நான்கு சிவப்புக் கற்கள். வீட்டில் எல்லோரும் 'பர்மாக் கெம்பு' என்று சொல்லித்தான் அதைப் பீரோவில் வைத்துப் பூட்டுவார்கள்.

சூடு காட்டுவதற்கு முன்னால் கல்லைக் கழற்ற வேண்டும் என்கிற அளவு அறிவு எனக்கு இருந்தது. கட்டு, பின்பக்கம் மூடின கட்டு. அதாவது கல் உட்காரும் கிண்ணத்துக்கு அடி உண்டு. பின்னாலிருந்து வெளிச்சம் வராது. கிண்ணத்தில் அரக்கை உருக்கி ஊற்றி, மேலே பளபளப்பான தாள் வைத்து, அதன் மேல் கல்லை உட்காரவைத்து, விளிம்பை உள்பக்கமாக நெட்டித் தள்ளியிருப்பார்கள். ஹேர் டிரையரில் ஐந்து நிமிடம் காட்டினேன். அரக்கு இளகியது. விளிம்பை மழுங்கிய ஊசியால் கொஞ்சம் கொஞ்சமாக நிமிர்த்த, கல் ஒவ்வொன்றாக வெளியே வந்தது. மூன்று சுத்தமாக வந்தன. நான்காவதற்கு என் பொறுமை போதவில்லை. ஊசி வழுக்கி விளிம்பில் ஒரு கீறல். இன்றைக்கும் அது அங்கேதான் இருக்கிறது.

கல்லுக்கு அடியில் சிவப்புச் சாயம் பூசிய மெல்லிய வெள்ளித்தாள் இருந்தது. ஓரங்கள் கறுத்திருந்தன. கல்லின் நிறத்தைத் தூக்கிக்காட்ட இப்படிச் செய்வது பழைய வழக்கம். மோசடி என்று அவசரப்பட வேண்டாம். நல்ல கல்லுக்கும் வைப்பார்கள். ஆனாலும் தாளை எடுத்துவிட்டு வெறும் கல்லை வெளிச்சத்தில் பிடித்தபோது, அது தாளே தேவைப்படாத அளவுக்குச் சிவப்பாக இருந்தது. அதில்தான் எனக்குச் சந்தேகம் வந்தது. அதை அப்புறம் சொல்கிறேன்.

அடுத்து, இது எவ்வளவு சுத்தமான வெள்ளி என்று பார்க்க ஆசை. கழுத்துத் துண்டைத் தராசில் வைத்தேன்: 42.00 கிராம். நூலில் கட்டித் தண்ணீரில் தொங்கவிட்டு, உருண்டைக்குள்ளிருந்து குமிழி வருவது நிற்கும்வரை பொறுத்துப் பார்த்தால் எடையில் 4.03 கிராம் குறைந்தது. வகுத்தால் அடர்த்தி 10.42. சொக்க வெள்ளிக்கு 10.49, நூற்றுக்கு 92.5 பங்கு வெள்ளி இருக்கிற 925-க்குச் சுமார் 10.36. ஆகா, 925-ஐ விட உசத்தி என்று நோட்டில் எழுதி அடிக்கோடும் போட்டேன். அந்த அடிக்கோடுதான் என்னைக் கவிழ்த்தது.

கழுத்தின் அடியில், உடைந்த இடத்தைச் சுற்றிச் சாம்பல் நிறத்தில் ஒரு திரட்டு இருந்தது. பழைய அழுக்கு, கெட்டியான களிம்பு என்று நினைத்துத் துணியால் துடைத்ததோடு விட்டுவிட்டேன். ஆன்லைனில் வாங்கிய வெள்ளி சோல்டர் (பற்றவைக்கும் உலோகம்), அது ஓடிப் பிடிக்க உதவும் ஃப்ளக்ஸ், கையடக்க கேஸ் டார்ச் எல்லாம் தயார். வயிற்றின் மேல் கழுத்தை நிறுத்தி, நெருப்பைக் காட்டினேன். சோல்டர் அசையவே இல்லை. அதற்குள் அந்தச் சாம்பல் திரட்டு பாதரசம் மாதிரி மினுங்கியது, நடுங்கியது, அப்படியே வெள்ளிக்குள் இறங்கியது. நெருப்பை எடுப்பதற்குள் கழுத்தின் அடியில் அரிசி அளவில் ஓர் ஓட்டை. பக்கத்தில் எறும்பு அரித்த மாதிரி இன்னும் மூன்று பள்ளம்.

வெள்ளி உருகவில்லை. உருக 962 டிகிரி வேண்டும். அதன் பாதிச் சூடுகூட ஏறவில்லை. கரைந்துவிட்டது. எத்தனையோ வருஷத்துக்கு முன்னால் யாரோ இதை ஈயத்தால் பற்றவைத்திருக்கிறார்கள். ஈயம் 327 டிகிரியில் உருகும். உருகின ஈயம், பக்கத்தில் இருக்கிற வெள்ளியைத் தன்னோடு இழுத்துக் கரைக்கும். சூடு ஏற ஏற இன்னும் அதிகமாகத் தின்னும். ஈயத்தின் அடர்த்தி 11.34. என் 10.42 எங்கிருந்து வந்தது என்று அப்போதுதான் உறைத்தது. உசத்தி வெள்ளி என்று நான் கொண்டாடியது ஈயத்தின் கனத்தை.

இரண்டு நாள் அதைத் துணியில் சுற்றி வைத்திருந்தேன். அப்புறம் வெட்கத்தை விட்டு, காரைக்குடியில் அப்பத்தாவுக்குத் தாலிச் சரடு கோத்துக் கொடுக்கிற பத்தரிடம் கொண்டுபோனேன். எழுபதைத் தாண்டியவர். கண்ணில் லென்ஸை இடுக்கிக்கொண்டு பார்த்தவர், ஓட்டையைப் பார்க்கவில்லை, அதன் ஓரத்தைப் பார்த்தார்.

"ஈயம் பட்டிருக்கான்னு பாக்காமயா தம்பி நெருப்பு வச்சீக?"

"அழுக்குன்னு நெனச்சேன் பத்தரய்யா."

"அழுக்கு நகத்துல சொரண்டினா வரும். ஈயத்துல கோடு விழும்."

இவ்வளவுதான் சோதனை. நகத்தால் ஒரு கீறல். மூன்று மணி நேரம் வீடியோ பார்த்தவனுக்கு இது தெரியவில்லை.

அவர் செய்து தருவதாகச் சொன்னார். நானே செய்கிறேன், பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித்தாருங்கள் என்றேன். சிரித்தார். "ஞாயித்துக்கிழமை வாங்க" என்றார். நான்கு ஞாயிறு போனேன்.

முதல் ஞாயிறு முழுக்கச் சுரண்டல்தான். ஈயம் பட்ட இடத்தில் நெருப்பே கூடாது, கத்தியும் அரமும்தான். அதற்கென்று தனி அரம், தனித் தாம்பாளம். ஈயத் தூள் ஒரு பொட்டு வெள்ளித் தூளோடு கலந்துவிட்டால், அந்தத் தூளை உருக்கிச் செய்கிற அடுத்த நகையும் கெடும், தட்டும்போது வெடிப்பு விடும் என்றார். சுரண்டி முடித்ததும் அரித்துப்போன அடிப்பாகத்தை நாலு மில்லிமீட்டர் அளவுக்கு நறுக்கியே எடுத்துவிட்டோம். வீட்டுக்கு வந்து மறுபடி எடை போட்டேன். 37.10 கிராம், தண்ணீரில் 3.59 குறைவு, அடர்த்தி 10.33. பத்தரிடம் இதைச் சொல்லவில்லை. அவர் ஏற்கெனவே உரைகல்லில் ஒரு கோடு இழுத்துப் பார்த்து, "ரூபாய் வெள்ளி" என்று சொல்லியிருந்தார். வெள்ளைக்காரன் காலத்து வெள்ளி ரூபாயில் நூற்றுக்கு 91.7 பங்கு வெள்ளி. அதன் அடர்த்தி 10.34 வரும். 925-க்கும் ரூபாய் வெள்ளிக்கும் நடுவில் இருக்கிற அந்த நூலிழையைப் பிரித்துச் சொல்ல என் தராசுக்கு வக்கில்லை. அவர் கண்ணுக்கு இருக்கிறதா என்றும் கேட்கத் தோன்றியது, கேட்கவில்லை.

நறுக்கின இடத்தை ஈடுகட்டக் கழுத்துக்கும் வயிற்றுக்கும் நடுவில் ஒரு வளையம் வேண்டும். வீட்டில் அறுந்த கொலுசு கிடக்கிறது, கொண்டுவரவா என்றேன். "கொலுசு வெள்ளி மட்டம். நெறம் பேசாது" என்றார். சரி என்று அப்பத்தாவிடம் கேட்டு ஒரு பழைய ரூபாயைக் கொண்டுபோனேன், 1944 போட்டது. கையில் வாங்கினவர் கல்லில் உரைக்கக்கூட இல்லை, திருப்பிக் கொடுத்துவிட்டார். யுத்த காலத்தில், 1940-லிருந்து, ரூபாயில் வெள்ளியைப் பாதியாகக் குறைத்துவிட்டார்கள். அடுத்த வாரம், காசுமாலையில் கோக்க ஓட்டை போட்டிருந்த, தலை தேய்ந்த ஓர் எட்வர்டு ரூபாய் கிடைத்தது. ஓட்டை விழுந்த காசை யாரும் சேர்த்துவைக்க மாட்டார்கள் என்பதால் மனசு உறுத்தவில்லை. 11.66 கிராம் இருக்க வேண்டியது, தேய்ந்து 11.2 இருந்தது.

காசை மூசையில், அதாவது உருக்கும் கிண்ணத்தில் போட்டு, வெண்காரம் (போராக்ஸ்) தூவி உருக்கி, எண்ணெய் தடவின அச்சில் ஊற்றினால் விரல் நீளத்துக்கு ஒரு குச்சி. அதைப் பட்டடையில் தட்ட வேண்டும். பத்து அடிக்கு மேல் தட்டினால் வெள்ளி விறைத்துக்கொள்ளும்; சுத்தியல் திரும்பி வருகிற சத்தமே மாறும், 'தொப்' என்பது 'டங்' என்று ஆகும். உடனே காய்ச்ச வேண்டும். காய்ச்சுவது என்றால் உருக்குவது இல்லை, இருட்டில் பார்த்தால் மங்கலாகச் சிவப்பு தெரிகிற வரைக்கும் சூடாக்கித் தண்ணீரில் போடுவது. மறுபடி மெழுகு மாதிரி இளகிவிடும். அதற்காகத்தான் பட்டறையில் ஜன்னல் சாத்தியே இருக்கிறது. வெயிலில் உட்கார்ந்து காய்ச்சினால் சிவப்பு தெரியாது, தெரிகிறபோது காரியம் கைமீறியிருக்கும். முதல் தடவை மொட்டை மாடியில் பட்டப்பகலில் டார்ச் பிடித்தவன் நான்.

தட்டின குச்சியைக் கம்பி அச்சில் இழுத்தோம். எஃகுப் பட்டையில் பெரிதிலிருந்து சிறிதாக வரிசையாகத் துளைகள். கம்பியின் நுனியைக் கூராக்கி, மெழுகு தடவி, ஒவ்வொரு துளையாக இழுத்துக்கொண்டு போக வேண்டும். அதே மாதிரி ஓர் அச்சு முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடை ஒன்றில் பார்த்திருக்கிறேன், என்னவென்று தெரியாமல் சீப்பு செய்கிற பட்டை என்று நினைத்திருந்தேன். பன்னிரண்டு துளை இழுத்தேன். மறுநாள் தோள்பட்டை தூக்க முடியவில்லை.

இப்போது பற்றவைப்பு. இதற்குத்தான் இந்தப் பதிவே.

"பொடி எடுங்க" என்றார். நான் ஏதோ தூள் என்று தேடினேன். வெள்ளி இரண்டு பங்கு, பித்தளை ஒரு பங்கு சேர்த்து உருக்கின கட்டியை அரத்தால் ராவி வைத்திருந்தார், அந்த ராவல்தான் பொடி. நான் ஆன்லைனில் சோல்டர் என்று வாங்கியதும் இதே குடும்பம்தான், தகடாக வந்தது, அவ்வளவே. வெள்ளியை விட உருகும் சூடு குறைந்த கலவை. வெள்ளி அசையாது, இது மட்டும் ஓடும். பெரியவர்கள் 'என்ன பொடி வச்சுப் பேசுறே' என்பார்களே, அது இங்கிருந்துதான் வந்திருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. பொடி வைக்கிறபோது ஒன்றுமே தெரியாது. ஊதினால்தான் எங்கே பிடிக்கப்போகிறது என்று தெரியும்.

வெண்காரக் கட்டியைத் தண்ணீர் தொட்டுக் கல்லில் உரைத்துப் பால் மாதிரி எடுத்தார். இன்னொரு கல்லில் குன்றிமணி. அதே சிவப்பும் கறுப்புமான குன்றிமணிதான். தோலை உரித்துப் பருப்பை ஊறவைத்து உரைத்தால் ஒரு பசை வரும். பொடியையும் காரத்தையும் அதில் குழைத்துத் தடவினால் நெருப்புக் காற்றில் பறக்காமல் ஒட்டிக்கொண்டிருக்கும். ஒரு காலத்தில் பொன்னை நிறுக்கத் தராசில் உட்கார்ந்திருந்த விதை, இங்கே பசையாக. பருப்பு கடும் விஷம். அவர் கையைச் சோப்புப் போட்டுக் கழுவியதை இரண்டு முறை பார்த்தேன், நானும் கழுவினேன்.

நெருப்பை எடுக்கப் போனேன். "மூச்சு விட ஓட்டை இருக்கா?" என்றார். எனக்குப் புரியவில்லை. கழுத்தின் நடுவில் இருக்கிற உருண்டை உள்ளே பொள்ளல், தண்ணீர் மெல்ல ஊறுகிற மயிரிழை இடுக்கைத் தவிர எல்லாப் பக்கமும் அடைத்தது. சூடானால் உள்ளே இருக்கிற காற்றும், சுத்தம் பண்ணினபோது புகுந்த தண்ணீரும் சட்டென்று வெளியேற வழி இல்லாமல் வெடிக்கும். கல் உட்காரும் கிண்ணம் ஒன்றின் அடியில் ஊசித்துளை போட்டார். கல் வைத்ததும் அது மறைந்துவிடும்.

வளையத்தில் பொடி தடவினதும் நான் செய்த தப்பு, எல்லா ஆரம்பக்காரனும் செய்கிறது: நெருப்பை நேராகப் பொடி மேல் பிடித்தேன். அவர் என் மணிக்கட்டைத் தட்டினார். "வயித்தைக் காட்டுங்க, வயித்தை." உலோகங்களிலேயே சூட்டை அதிகமாகக் கடத்துவது வெள்ளி. ஓரிடத்தில் காட்டினால் அது நாலா பக்கமும் ஓடிப் போய்விடும், மூட்டு ஏறாது. முதலில் செம்பு முழுவதையும் சுற்றிச் சுற்றிச் சூடேற்ற வேண்டும். எல்லாம் ஒரே மாதிரி மங்கின பிறகுதான் மூட்டுக்கு வர வேண்டும். காரம் முதலில் பொரிந்து உப்பியது, அப்புறம் அடங்கிக் கண்ணாடியாகப் படர்ந்தது. வெள்ளி சிவக்க ஆரம்பித்த நொடியில், தானியம் தானியமாக இருந்த பொடி சட்டென்று ஒரு பளபளப்பான கோடாகி வளையத்தைச் சுற்றி ஓடியது. பொடி எப்போதும் சூடு அதிகமான பக்கம் ஓடும். அதை நெருப்பால் இழுத்துக்கொண்டு போகலாம், மாட்டை மூக்கணாங்கயிறு பிடித்து நடத்துகிற மாதிரி. முக்கால் சுற்று நான் இழுத்தேன். கடைசிக் கால் சுற்று என் கை நடுங்கியதால் அவர்தான் முடித்தார்.

அப்புறம் வெளுக்கப் போட்டோம். மண் சட்டியில் படிகாரத் தண்ணீர், கொதி வருகிற சூடு. இரும்புக் குறடை அதில் விடக்கூடாது; அந்தத் தண்ணீரில் ஏற்கெனவே கரைந்திருக்கிற தாமிரம் வெள்ளி மேல் ஏறிச் செவ்வலாகிவிடும். மூங்கில் குச்சியால்தான் எடுக்க வேண்டும். கறுப்பு போய், சுண்ணாம்பு மாதிரி வெள்ளையாக வெளியே வந்தது. வயிற்றில் மட்டும் கருநீலத்தில் ஒரு திட்டு நின்றது, நான் மொட்டை மாடியில் காய்ச்சின இடம். வெள்ளியில் கலந்த தாமிரம் மேற்பரப்புக்குக் கீழேயே கருகிவிட்டதால் வருவது. தேய்த்துத்தான் எடுக்க வேண்டும். பாதி எடுத்தேன், மீதியை விட்டுவிட்டேன்.

கறுத்த வெள்ளியை அலுமினியத் தாள், சோடா உப்பு, வெந்நீரில் போட்டு வெளுக்கிற வித்தை எனக்குத் தெரியும். 1953-ல் திறந்த மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிற ஊர்க்காரனுக்கு அதுகூடத் தெரியவில்லை என்றால் எப்படி? வெள்ளி மேல் படிந்த கந்தகத்தை அலுமினியம் விடுவிக்கும், அழுகின முட்டை வாடை அடிக்கும். பத்தருக்கு அது பிடிக்காது. கொடி வேலையின் பள்ளத்தில் இருக்கிற கறுப்பையும் சேர்த்துக் கழுவிவிடும், சித்திரம் குருடாகிப்போகும் என்றார். அவர் சொன்னதுதான் சரி. பூந்திக்கொட்டை நுரையில் பித்தளைத் தூரிகை போட்டுத் தேய்த்து, மேடுகளை மட்டும் அகேட் கல்லால் மெருகிட்டேன்.

கல் விஷயம் பாக்கி. ஒரு கல்லை வெள்ளைக் கிண்ணத்தில் தேங்காய் எண்ணெயில் போட்டு, பத்து மடங்கு லென்ஸில் பார்த்தேன். எண்ணெயில் போட்டால் மேலே மினுங்குகிற வெளிச்சம் அடங்கி உள்ளே தெரியும். இயற்கை மாணிக்கத்தில் கோடு இருந்தால் நேர்கோடாக, மூலை திரும்பி ஓடும். பட்டு நூல் மாதிரி மெல்லிய ஊசிகளும் தெரியலாம். இதில் கோடுகள் இசைத்தட்டின் வரி மாதிரி வளைந்திருந்தன. நடுவில் உருண்டையாக இரண்டு குமிழி. அலுமினியம் ஆக்சைடு தூளைத் தீச்சுடர் வழியாகத் தூவி, உருகின துளிகள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்து பேரிக்காய் வடிவத்தில் வளரவிடும் முறையை 1902-ல் பிரெஞ்சு வேதியியலாளர் வெர்னாய் வெளியிட்டார். படிந்த அடுக்குதான் அந்த வளைவு. கண்ணாடி இல்லை, அதே பொருள், அதே குரோமியம் தரும் சிவப்பு, அதே கடினம். மண்ணுக்குள் பிறக்கவில்லை, அவ்வளவுதான். பாட்டையா ஜப்பான்காரன் வருவதற்கு முன்னால் கடைசிக் கப்பல்களில் ஒன்றில் ரங்கூனை விட்டு வந்தவர். அதற்குள் இந்தக் கல் உலகச் சந்தையில் நிறைந்திருந்தது. நான்கையும் பார்த்தேன், நான்கும் அப்படித்தான்.

பத்தரிடம் காட்டினேன். எட்டிப் பார்த்துவிட்டு, "எங்களுக்கு எல்லாமே கெம்புதான் தம்பி" என்றார். அது உண்மை. மாணிக்கம் என்று சொன்னால் கல்லைச் சொல்கிறோம், கெம்பு என்றால் சிவப்பைச் சொல்கிறோம். வீட்டில் யாரும் ஒருநாளும் மாணிக்கம் என்று சொல்லவில்லை என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. அதே வழியில் ஆச்சியின் வைரத் தோட்டுக்கு வீட்டில் சொல்கிற 'புளூ ஜாகர்' எங்கிருந்து வந்தது என்று தேடினேன். தென்னாப்பிரிக்காவில் ஜாகர்ஸ்ஃபான்டைன் சுரங்கம். 1893-ல் 995 காரட்டில் ஒரு வைரம் கிடைத்த இடம், 1971-ல் மூடிவிட்டார்கள். சுரங்கம் மூடி அரை நூற்றாண்டு ஆகியும் காரைக்குடிக் கடைகளில் நீலம் தட்டும் வெள்ளை வைரத்துக்கு ஜாகர்தான் பெயர்.

கற்களைப் பழைய தாளோடேயே அரக்கில் உட்காரவைத்தேன். காரம் பட்ட இடத்தில் கல்லைச் சூடாக்கினால் கல்லின் மேல்தோலைக் காரம் அரிக்கும் என்பதால் இதைக் கடைசியில்தான் செய்ய வேண்டும்.

அப்பத்தாவிடம் கல்லைப் பற்றிச் சொல்லலாமா வேண்டாமா என்று ஆச்சியிடம் கேட்டேன். "சொல்லித் தொலை, இல்லாட்டி உனக்குத் தூக்கம் வராது" என்றாள். சொன்னேன். அப்பத்தா வெற்றிலையை மடித்துக்கொண்டே கேட்டாள். "உங்க பாட்டையா எங்க வாங்கினாக?"

"ரங்கூன்ல."

"ரங்கூன் எங்கடா இருக்கு?"

"பர்மாவுல."

"பெறகென்ன, பர்மாக் கெம்புதான்."

செம்பில் தண்ணீர் நிரப்பி, ஓர் இரவு செய்தித்தாள் மேல் நிறுத்திவைத்தேன். மூட்டில் கசிவு இல்லை. வளையத்தைச் சுற்றிப் பொடி ஓடின கோடு லேசாக மஞ்சள் தட்டுகிறது, பித்தளை, தெரிந்தவர்களுக்குத் தெரியும். பூவின் மரை மட்டும் ஒரு சுற்று தளர்வாக இருக்கிறது. தை முகூர்த்தத்துக்கு அதில் வெள்ளை நூல் இரண்டு சுற்று சுற்றிக் கொடுத்திருக்கிறேன். மெதுவாக உதறச் சொல்லியும் இருக்கிறேன்.